குன்றிலிருந்து இறங்கி வந்த கேமரா: பிரிட்டிஷ் யதார்த்தப் படங்களுக்கு ஓர் அறிமுகம்

பிரிட்டனில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வகைப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தொழில் நகரம் ஒன்றில், உழைக்கும் குடும்பத்தில் பிறந்த பையன் அல்லது பெண். வயது பதினைந்து, பதினாறு இருக்கும். பள்ளிக்கூடம் ஏற்கெனவே கைகழுவிவிட்டது. வீட்டில் நிம்மதி இல்லை. வேலை கிடைக்காது, கிடைக்கிற வேலைக்குப் போக மனசு வராது. படம் முடியும்போது அவர்கள் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. கதையாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் பார்த்தவர்களால் இந்தப் படங்களை லேசில் மறக்க முடிவதில்லை.

இவற்றைச் சமூக யதார்த்தவாதப் படங்கள் என்கிறார்கள். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் யதார்த்தம் என்றதும் ஆடுகிற கேமரா, மங்கலான வெளிச்சம், வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை என்று எண்ணிக்கொள்வார்கள். லண்டன் ரவுடிகளைப் பற்றிய விறுவிறுப்பான படங்களையும் இதே பட்டியலில் போட்டுவிடுவார்கள். வெளித்தோற்றத்தை வைத்து இந்தப் படங்களை அடையாளம் காண முடியாது. பார்க்கும்போது இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். கேமரா எங்கே நின்று இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறது? இவர்கள் வாழ்க்கையை முடிவு செய்வது யார், அல்லது எது?

தொடக்கம் 1956. லண்டனில் உள்ள நேஷனல் ஃபிலிம் தியேட்டரில் லிண்ட்சே ஆண்டர்சன், கேரல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன், லோரென்சா மாட்ஸெட்டி ஆகிய இளைஞர்கள் தங்கள் குறும்படங்களைச் சேர்த்து ‘ஃப்ரீ சினிமா’ என்ற பெயரில் திரையிட்டார்கள். அதுவரை பிரிட்டிஷ் படங்களில் தொழிலாளி என்றால் சிரிப்பு மூட்டும் வேலைக்காரர், அல்லது போர்ப்படத்தில் ஓரமாக நிற்கும் சிப்பாய். சாதாரண மனிதர்களின் அன்றாடம் திரையில் வருவதற்குத் தகுதியானது என்று இவர்கள் நம்பினார்கள். அதே ஆண்டில் ஜான் ஆஸ்போர்னின் நாடகம் ஒன்று லண்டன் மேடையைக் கலக்கியது. நெரிசலான வாடகை அறை, இஸ்திரி பலகை, யார்மீது என்று தெரியாத கோபம். இந்த வகை நாடகங்களுக்கும் படங்களுக்கும் ‘கிச்சன் சிங்க்’ (சமையலறைத் தொட்டி) என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் அலையில் எனக்கு முக்கியமாகப் படுவது ரைஸ் இயக்கிய ‘சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்’ (1960). நாட்டிங்ஹாம் நகரத்தின் ராலே சைக்கிள் தொழிற்சாலையில் ஆர்தர் சீட்டன் லேத் ஓட்டுகிறான். நாவலையும் திரைக்கதையையும் எழுதிய ஆலன் சில்லிட்டோ அதே தொழிற்சாலையில் இளவயதில் வேலை பார்த்தவர். படப்பிடிப்பும் அங்கேயே நடந்தது. வாரம் முழுக்க இயந்திரம், வெள்ளிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை குடி, இன்னொருவர் மனைவியோடு உறவு. ஆர்தர் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. தன் சந்தோஷம் தவிர மற்றதெல்லாம் வெறும் பிரசாரம் என்கிறான். ஒரு தொழிலாளி தன் வாழ்க்கையைப் பற்றித் தானே இப்படி இறுமாப்போடு பேசுவது அன்றைய பிரிட்டிஷ் திரைக்குப் புதிது. தணிக்கைக் குழு வயது வந்தோருக்கான ‘எக்ஸ்’ சான்றிதழ் கொடுத்தது. வார்விக்‌ஷயர் கவுண்டி நிர்வாகம் தன் எல்லைக்குள் படத்தை அனுமதிக்கவே இல்லை.

அடுத்த ஆண்டே ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ வந்தது. சால்ஃபர்டைச் சேர்ந்த ஷீலா டிலேனி என்ற பெண் எழுதிய நாடகம் அது. மேடையேறியபோது அவருக்கு வயது 19. திருமணமாகாமல் கர்ப்பமான பள்ளிச் சிறுமி, அவளைப் பார்த்துக்கொள்ளும் தன்பாலின விருப்பமுள்ள நண்பன் என்று 1961இல் யாரும் தொடத் தயங்கிய வாழ்க்கையை அந்தப் படம் தொட்டது.

ஆனால் இந்த முதல் அலைப் படங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருவதை விமர்சகர்கள் கவனித்தார்கள். நாயகன் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் ஏறி நிற்பான். கீழே புகைபோக்கிகள், வரிசை வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். கேமரா அந்த ஊரை மேலிருந்து ஒரு அழகான ஓவியமாகப் பார்க்கும். பார்ப்பது நாயகனின் கண் என்று சொல்லப்பட்டாலும் அதில் இயக்குநரின் கண்ணும் கலந்திருக்கிறது. ஆண்டர்சனும் ரிச்சர்ட்சனும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள், ரைஸ் கேம்பிரிட்ஜ். ரைஸ் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பிச் சிறுவனாக இங்கிலாந்து வந்த அகதி. பரிவும் நேர்மையும் உள்ளவர்கள்தான். ஆனால் அந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஆர்தரும் கடைசியில் ஒரு மேட்டில் நின்று, கீழே புதிதாக எழும் வீடுகளை நோக்கிக் கல்லெறிகிறான். அந்தக் கல்லை எனக்குப் பிடிக்கும். ஊரை அழகாகப் பார்க்க விடாமல் அது குறுக்கே பாய்கிறது.

இந்த மேட்டிலிருந்து கேமராவைக் கீழே கொண்டுவந்த படம் ‘கெஸ்’. கென் லோச் இயக்கியது, 1969. யாராவது என்னிடம் ஒரே ஒரு படம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பேரி ஹைன்ஸ் என்ற முன்னாள் ஆசிரியர் எழுதிய நாவல்தான் மூலம். யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்க ஊர். பில்லி காஸ்பருக்கு 15 வயது. அண்ணன் ஜட் சுரங்கத்தில் வேலை செய்கிறான், தம்பியை அடிக்கிறான். பில்லி ஒரு சின்ன வல்லூறுக் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுத்து வந்து, கடையில் திருடிய புத்தகத்தைப் படித்து அதைப் பழக்குகிறான். பள்ளியில் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பெயரெடுத்த பிள்ளை ஒரு காட்டுப் பறவையின் நம்பிக்கையைப் பெறுகிறான்.

இங்கே ஒரு பின்னணி தெரிந்திருக்க வேண்டும். 1944இன் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பிள்ளைகள் 11 வயதில் ஒரு தேர்வு எழுதினார்கள். தேறியவர்கள் கிராமர் பள்ளிக்குப் போய்ப் பல்கலைக்கழகம்வரை போகலாம். தேறாதவர்கள், அதாவது பெரும்பாலானவர்கள், செகண்டரி மாடர்ன் பள்ளிக்குப் போய் 15 வயதில் வெளியே வந்து வேலைக்குப் போனார்கள். பில்லி அப்படித் தேறாத பிள்ளை. அவனுடைய எதிர்காலம் பதினொரு வயதிலேயே எழுதப்பட்டுவிட்டது. படத்தில் வேலைவாய்ப்பு அதிகாரி ஒருவர் அவனைக் கூப்பிட்டுப் பேசுவார். அலுவலக வேலையா, கைவேலையா என்று கேட்டபடி படிவத்தைப் பார்ப்பார். சுரங்கத்துக்கு மட்டும் போக மாட்டேன் என்பதைத் தவிர பில்லிக்குச் சொல்ல எதுவும் இல்லை. பறவையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அந்த அதிகாரி கெட்டவரும் இல்லை. அவருக்கு வரிசையில் இன்னும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வகைப் படங்களின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன். வில்லன் என்று சுட்டிக்காட்ட ஆள் இருக்க மாட்டார். ஒரு பள்ளி, ஒரு அலுவலகம், ஒரு படிவம், ஒரு வரிசை இருக்கும். அவற்றில் வேலை செய்பவர்களும் களைத்த மனிதர்களாகவே இருப்பார்கள். பிள்ளையின் வாழ்க்கையை நசுக்குவது அந்த ஏற்பாடு. யார்மீதாவது கோபப்பட்டு ஆறுதல் அடையலாம் என்றால் படம் அதற்கு இடம் தராது.

‘கெஸ்’ எடுக்கப்பட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி பார்ன்ஸ்லியிலேயே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மாணவர். நாவலாசிரியரின் தம்பி ரிச்சர்ட் ஹைன்ஸிடம் பயிற்சி பெற்றுப் பறவைகளை உண்மையாகவே பழக்கினார். உடற்பயிற்சி ஆசிரியராக வரும் பிரையன் குளோவர் நிஜத்தில் ஆசிரியராகவும் தொழில்முறை மல்யுத்த வீரராகவும் இருந்தவர். தலைமை ஆசிரியராக நடித்தவரும் நிஜமான தலைமை ஆசிரியர்தான். ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ் முகத்துக்கு நேரே போய் நிற்பதில்லை. சற்றுத் தள்ளி, அறையின் ஓரத்தில் நின்று நீளமான லென்ஸில் பார்ப்பார். நடிகர்கள் எங்கே வேண்டுமானாலும் நகரலாம் என்பதற்காக இடம் முழுவதற்கும் பொதுவாக வெளிச்சம் அமைப்பார். செக் நாட்டின் அறுபதுகளின் படங்களிலிருந்து லோச்சும் அவரும் கற்றுக்கொண்ட முறை இது. நாம் அந்த வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதாகவே தோன்றும்.

வகுப்பில் ஆசிரியர் ஃபார்த்திங், நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்லும்படி பில்லியைக் கேட்கிறார். பில்லி முணுமுணுக்கிறான். வேறொரு பையன் அவனுடைய பறவையைப் பற்றி எடுத்துக் கொடுக்கிறான். தயங்கித் தயங்கித் தொடங்கிய பில்லி, பறவையின் காலில் கட்டும் தோல்வாரைப் பற்றிச் சொல்கிறான், அதன் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறான், முதன்முறை கயிறில்லாமல் பறக்கவிட்டபோது திரும்பி வருமோ வராதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டதைச் சொல்கிறான். வகுப்பே வாயடைத்துக் கேட்கிறது. படம் முழுக்க அவனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

இதே படத்தில் தலைமை ஆசிரியர் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கும் காட்சியும் இருக்கிறது. அந்த அடி நிஜம். இன்னொரு ஆசிரியர் கொடுத்தனுப்பிய தகவலோடு வந்த ஒரு பொடியனும் வரிசையில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவான். தனக்கும் விழும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியாது. கண்ணீரும் நிஜம். கடைசிக் காட்சிக்காக, பழக்கிய பறவையைக் கொன்றுவிட்டார்கள் என்று பிராட்லியை நம்பவைத்தே படமெடுத்தார்கள். கொல்லப்படவில்லை, ஏற்கெனவே இறந்த வேறு பறவையைத்தான் பயன்படுத்தினார்கள். நடிகருக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல் வைத்திருப்பது லோச்சின் வழக்கமான முறை. கதை நடக்கும் வரிசையிலேயே படமெடுப்பார், அன்றன்றைக்கு உரிய பக்கங்களை மட்டும் கொடுப்பார். முகத்தில் வரும் திகைப்பு உண்மையாக இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தையை ஏமாற்றி எடுத்த கண்ணீரை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. யதார்த்தத்துக்காக ஒரு படம் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியை, இந்தப் படத்தை நேசித்துக்கொண்டேதான் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுபதுகளில் தொழிற்சாலைகள் மூடத் தொடங்கின. 1982 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. ஆர்தர் வெறுத்த அந்த லேத் வேலைகூட அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. படங்களின் தொனியும் மாறியது.

இந்தக் காலத்தின் பெரிய இயக்குநர் ஆலன் கிளார்க். பெரும்பாலும் தொலைக்காட்சிக்குத்தான் வேலை செய்தார். பிரிட்டனில் இந்த வகைப் படங்களைத் திரையரங்குகளைவிடத் தொலைக்காட்சிதான் வளர்த்தது. லோச் அங்கே தொடங்கியவர். 1982இல் தொடங்கிய சேனல் 4 பல படங்களுக்குப் பணம் போட்டது. ஆனால் எல்லாவற்றையும் தொலைக்காட்சி தாங்கிக்கொள்ளவில்லை. இளம் குற்றவாளிகளை அடைத்துவைக்கும் போர்ஸ்டல் பற்றி (தமிழ்நாட்டிலும் பார்ஸ்டல் பள்ளி என்ற பெயர் உண்டு, அந்த முறையே பிரிட்டனிலிருந்து வந்தது) கிளார்க் 1977இல் எடுத்த ‘ஸ்கம்’ படத்தை பிபிசி ஒளிபரப்ப மறுத்துவிட்டது. அதே கதையை 1979இல் திரையரங்குக்காக மறுபடி எடுத்தார்.

கிளார்க்கின் ‘மேட் இன் பிரிட்டன்’ 1983இல் ஐடிவி தொலைக்காட்சியில் வந்தது. டிம் ராத் முதன்முதலாக நடித்த படம். 16 வயது ட்ரெவர், நெற்றியில் நாஜிகளின் ஸ்வஸ்திகா பச்சைக்குத்து, பாகிஸ்தானியர் ஒருவரின் ஜன்னலை உடைத்த வழக்கு. புத்திசாலி, அடங்காதவன், இனவெறியன். அவன் செய்வது எதையும் படம் மன்னிப்பதில்லை, ஆனால் அவனை விட்டு நகரவும் மாட்டேன் என்கிறது. இங்கேயும் ஒளிப்பதிவு மெங்கஸ்தான், ஆனால் கேமரா இப்போது தள்ளி நிற்கவில்லை. நடக்கும்போதும் ஆடாமல் படமெடுக்க உதவும் ஸ்டெடிகேமைக் கட்டிக்கொண்டு ட்ரெவரோடு சேர்ந்து நடக்கிறது. அவன் வேகத்துக்கு நாமும் ஓட வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தின் நடுவே, ட்ரெவர் வைக்கப்பட்டிருக்கும் காப்பகத்துக்கு வரும் மேலதிகாரி ஒருவர் கரும்பலகையில் ட்ரெவரின் வாழ்க்கையை வரைந்து காட்டுகிறார். பள்ளி, வேலையின்மை, உதவித்தொகை, திருட்டு, நீதிமன்றம், சிறை, வெளியே வந்தால் மறுபடி வேலையின்மை. சாக்பீஸ் கோடு சுற்றிச் சுற்றி வருகிறது. நீண்ட காட்சி, அவசரமே இல்லை. நான் மேலே சொன்ன ‘ஏற்பாடு’ இங்கே வரைபடமாகவே வந்துவிடுகிறது. கொடுமை என்னவென்றால் அவர் சொல்வது அத்தனையும் சரி. ட்ரெவருக்கும் அது தெரியும். அந்தக் கோட்டிலிருந்து வெளியேறும் வழியைத்தான் யாரும் வரையவில்லை.

ட்ரெவர் உடைத்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்களின் பிள்ளைகள் எங்கே? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது தவறு. ஹோரஸ் ஓவே இயக்கிய ‘ப்ரஷர்’, கறுப்பின இயக்குநர் எடுத்த முதல் முழுநீள பிரிட்டிஷ் படம், எழுபதுகளின் நடுவில் உருவானது. லண்டனில் பிறந்து நல்ல மதிப்பெண்ணோடு பள்ளி முடித்த டோனிக்குக் கணக்கர் வேலை கிடைக்கவில்லை. காரணம் நிறம். காவல்துறையின் கெடுபிடிகளைக் காட்டியதால் வெளியீடு தள்ளிப்போனது. திரைக்கதையை ஓவேயோடு சேர்ந்து எழுதியவர் டிரினிடாட் எழுத்தாளர் சாமுவேல் செல்வன். அவருடைய தந்தை மதராஸிலிருந்து போனவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அடுத்து 1980இல் ‘பாபிலோன்’: தென் லண்டனில் ஜமைக்காவின் ரெகே இசையை இசைக்கும் கறுப்பின இளைஞர்கள், அக்கம்பக்கத்தாரின் வசை, இரவில் துரத்தும் போலீஸ். இதன் ஒளிப்பதிவாளரும் மெங்கஸ். ‘எக்ஸ்’ சான்றிதழோடு வந்த இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனது 2019இல்தான்.

இதற்குப் பிறகு நடந்த மாற்றம்தான் எனக்கு மிகவும் மனநிறைவு தருவது. குன்றில் நின்று பார்க்கப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்களே இயக்குநர்களாக வந்தார்கள். ஷேன் மெடோஸ் லாரி ஓட்டுநரின் மகன், சிறுவயதில் ஸ்கின்ஹெட் எனப்படும் மழித்த தலை இளைஞர் கும்பலோடு திரிந்தவர். தன் அனுபவத்தையே 1983இல் நடக்கும் ‘திஸ் இஸ் இங்கிலாந்து’ (2006) என்று படமாக்கினார். அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் அப்பாவை இழந்த சிறுவன் ஷானுக்கு முதலில் அந்தக் கும்பல் தருவது அன்பு. பிறகு சிறையிலிருந்து திரும்பும் காம்போ அந்த அன்பையே வெறுப்பாகத் திருப்புகிறான். இனவெறி ஒரு பையனுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவரால்தான் இப்படிக் காட்ட முடியும். ஷானாக நடித்த தாமஸ் டர்கூஸ் அதற்கு முன் நடித்ததே இல்லை.

கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்த ஆண்ட்ரியா அர்னால்ட் 2009இல் ‘ஃபிஷ் டேங்க்’ எடுத்தார். கவுன்சில் குடியிருப்பு என்றால் உள்ளாட்சி நிர்வாகம் கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள். போருக்குப் பின் பெருமையோடு கட்டப்பட்டவை. 1980இன் வீட்டுவசதிச் சட்டம் குடியிருப்பவர்களே அவற்றை விலைக்கு வாங்க வழிசெய்தது. நல்ல வீடுகள் விற்றுப் போயின. வாங்க வசதியில்லாதவர்கள் மிச்சமிருந்தவற்றில் தேங்கினார்கள். லண்டனின் கிழக்கு விளிம்பில் அப்படியொரு குடியிருப்பில் 15 வயது மியா, அம்மாவோடும் தங்கையோடும் இருக்கிறாள். நடனம் என்றால் உயிர். அம்மாவின் புதிய காதலன் அவளைக் கனிவாக நடத்துகிறான், அங்கிருந்து எல்லாம் சிக்கலாகிறது.

மியாவாக நடித்த கேட்டி ஜார்விஸ் அதற்கு முன் நடிகை அல்ல. டில்பரி ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது தேர்வுக் குழுவினர் கண்ணில் பட்டார். கதையின் வரிசையிலேயே படப்பிடிப்பு நடந்தது, முடிவு என்ன என்று அவருக்கு முன்கூட்டியே தெரியாது. ராபி ரயனின் கேமரா மியாவின் தோளுக்குப் பின்னால், மூச்சு கேட்கும் தூரத்தில் போகிறது. திரையும் அகலத் திரை அல்ல, பழைய டிவி போலச் சதுரத்தை ஒட்டிய சட்டகம். ஒருவர் நின்றாலே நிறைந்துவிடும். அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. பெரியவர்கள் பேசுவதைக் கதவிடுக்கில் ஒட்டுக்கேட்டுத்தான் புரிந்துகொள்கிறாள், நாமும் அப்படியே. மியா வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அம்மா வரவேற்பறையில் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறாள். மியா எதிரே போய் அதே அசைவைச் சேர்ந்து ஆடுகிறாள். தங்கையும் வந்து சேர்கிறாள். மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே அன்பின் மொழி அது.

இப்படங்கள் மீது அடிக்கடி சொல்லப்படும் குறை, சோகத்தை விற்கின்றன என்பது. சிலவற்றுக்கு அது பொருந்தும். சாம்பல் நிற வானம், குடிகார அம்மா, குப்பைத் தொட்டி என்று வாய்ப்பாடாகிவிட்ட படங்களும் உண்டு. வறுமையைத் திருவிழாக்களில் காட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள் என்ற கோபத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நல்ல படங்களில் சிரிப்பு நிறைய இருக்கும். ‘கெஸ்’ படத்தின் கால்பந்துக் காட்சியில், பிரையன் குளோவர் தன்னை மான்செஸ்டர் யுனைடெட்டின் பாபி சார்ல்டனாகக் கற்பித்துக்கொண்டு, சின்னப் பையன்களைத் தள்ளிவிட்டு கோல் போடுவதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பிள்ளைகளை வெறும் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டுகிறதா, அல்லது வாயும் திமிரும் ஆசையும் உள்ளவர்களாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். நல்லதும் போலியும் அங்கேயே பிரிந்துவிடும்.

இன்னொரு முரண். இந்தப் பிள்ளைகளின் பேச்சை அப்படியே வைப்பதால் தணிக்கையில் படங்கள் மாட்டிக்கொள்கின்றன. லோச் 2002இல் ஸ்காட்லாந்தின் க்ரீனக் பகுதியில் எடுத்த ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ படத்துக்குக் கெட்ட வார்த்தைகளுக்காக 18 வயதுச் சான்றிதழ் கிடைத்தது. 16 வயதாகப் போகும் பையனைப் பற்றிய படத்தை, அந்தச் சான்றிதழின்படி 16 வயதுப் பிள்ளைகள் திரையரங்கில் பார்க்கக் கூடாது என்று ஆனது.

பார்க்கத் தொடங்குபவர்கள் ‘கெஸ்’, ‘ஃபிஷ் டேங்க்’, பிறகு 2019இன் ‘ராக்ஸ்’ என்ற வரிசையில் போகலாம். மூன்றாவதில் கிழக்கு லண்டன் பள்ளி மாணவிகள் சிலரோடு பல மாதம் பட்டறை நடத்தி, அவர்கள் பேச்சிலிருந்தும் நட்பிலிருந்தும் கதையை வளர்த்தார்கள். சாரா கேவ்ரன் இயக்கினார், தெரேசா இகோகோவும் கிளேர் வில்சனும் எழுதினார்கள். அம்மா வீட்டைவிட்டுப் போய்விட, தம்பியோடு தனியாக நிற்கும் சிறுமியின் கதை. பிள்ளைகளின் செல்போன் காட்சிகளும் படத்தில் உண்டு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பார்ன்ஸ்லி, கிளாஸ்கோ, கிழக்கு லண்டன் என்று ஒவ்வொரு ஊரின் பேச்சும் வேறு, இங்கிலாந்துக்காரர்களே திணறுவார்கள். ‘மேட் இன் பிரிட்டன்’, ‘ஸ்கம்’ இரண்டையும் கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள். வன்முறை கடுமையாக இருக்கும், வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கும்போது வேண்டாம்.